இரு களம் கண்ட வீரர் சி. ராமசாமி

(மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் பட்டயப் பிரிவு)



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது நான் ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா மல்லாட்டை சீசன் வந்தால் கொட்டை பறிக்கப் போவாங்க. எங்க வீட்டுக்குள் வந்த முதல் தடிமனான புத்தகமே என்னுடைய டிப்ளமோ புத்தகம்தான். அப்படிப்பட்டவன் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனாலும் இந்த மனிதரின் கதை என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் துணிந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

டென்னிஸ் பந்தும் நானும்

மயிலம் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரை பிறந்தால் ஏரி காய்ந்துவிடும். காய்ந்த ஏரிதான் எங்களுக்குச் சேப்பாக்கம். அங்கே டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை எந்த ஊரில் டோர்னமென்ட் என்று நோட்டீஸ் வந்தாலும் எங்கள் டீம் கிளம்பிவிடும். அப்படி ஒரு டோர்னமென்ட்டுக்குப் போய், இரண்டு நாள் ஆடி, மூன்றாம் நாள் பரீட்சை எழுதி, மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. என் மட்டையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். அதைவிட அடித்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பி.டி. சார் ஒரு செய்தி சொன்னார். நீங்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள், ஆனால் டென்னிஸையும் கிரிக்கெட்டையும் இந்திய நாட்டுக்காகவே ஆடிய ஒருவர் நம் மாநிலத்தில் இருந்தார், தெரியுமா என்று கேட்டார். எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்தான் கோட்டா ராமசாமி. சுருக்கமாக சி. ராமசாமி. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

லஸ் தோட்டத்துப் பிள்ளை

ராமசாமி 1896-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தை புச்சிபாபு நாயுடு. மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய தோட்டத்து வீடு. வசதிக்குக் குறைவில்லாத தெலுங்குக் குடும்பம். ராமசாமியைத் தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அதனால்தான் அண்ணன்மார்களான வெங்கடராமானுஜுலு, பாலையா ஆகியோரின் தலைப்பெழுத்து ஒன்றாகவும் இவருடையது வேறாகவும் இருக்கிறது.

புச்சிபாபுவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அன்றைய சென்னையில் கிரிக்கெட் என்றால் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான். 1846-இல் தொடங்கிய கிளப் அது. சேப்பாக்கம் மைதானம் அவர்கள் கையில் இருந்தது. இந்தியர்கள் அதில் உறுப்பினராக முடியாது. நம் மண்ணில் நமக்கே இடமில்லை! புச்சிபாபு அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை, கெஞ்சவும் இல்லை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் கொடுத்து ஆட்டம் பழக்கினார். நாங்களும் உங்களுக்குச் சமமாக ஆடுவோம் என்று காட்டுவதற்காக, இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தார். அதுவே பின்னாளில் மாகாண ஆட்டம் என்று பொங்கல் சமயத்தில் சென்னையே கூடிப் பார்க்கும் திருவிழாவாக ஆனது.

ஆனால் விதியைப் பாருங்க. அந்த முதல் ஆட்டம் நடப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே, 1908-இல், புச்சிபாபு காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு 40 வயதுதான். ராமசாமிக்கு 12. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பா இல்லாத மைதானத்தில் அப்பா போட்ட ஆட்டம் நடக்கிறது. பிள்ளைகள் மூன்று பேரும் ஆட்டத்தை விடவில்லை. புச்சிபாபு பெயரில் இன்றும் கிரிக்கெட் போட்டி நடந்து வருகிறது.

கேம்பிரிட்ஜும் டேவிஸ் கோப்பையும்

ராமசாமி வெஸ்லி உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். முதல்தர கிரிக்கெட்டில் அவர் காலடி வைத்தது 1915-16 பருவத்தில். இடதுகை ஆட்டக்காரர். தடுத்து நிறுத்திக்கொண்டிருப்பதைவிட அடித்து ஆடுவதில் விருப்பம் உள்ளவர்.

முதல் உலகப்போர் முடிந்தபின் கப்பல் ஏறி இங்கிலாந்து போய்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கிரிக்கெட் அல்ல, டென்னிஸ்!

டென்னிஸ் என்றால் டி.வி.யில் பார்த்தது மட்டும்தான் என்பவர்களுக்காக ஒரு வரி. டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி, இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி. வலையின் உயரம் நடுவில் 3 அடி, ஓரக் கம்பத்தில் மூன்றரை அடி. நம்ம கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி. இரண்டுக்கும் 12 அடிதான் வித்தியாசம். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்கும். டென்னிஸில் அடித்த பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் நிற்கும் பொறுமை வேண்டும். இன்னொன்றில் ஓடும் கால் வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர் ராமசாமி.

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கிடையே நடக்கும் டென்னிஸ் போட்டி. அன்றைய முறைப்படி நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர் என மொத்தம் ஐந்து ஆட்டங்கள். மூன்றை வென்றவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இந்தியா முதன்முதலாக இதில் கலந்துகொண்டது 1921-இல். அடுத்த ஆண்டே, 1922-இல், ராமசாமி இந்திய அணியில் இடம்பெற்றார். இங்கிலாந்தில் நடந்த அந்தப் போட்டியில் ருமேனியாவை இந்தியா 5-0 என்று வீழ்த்தியது. இரட்டையர் ஆட்டத்தில் டாக்டர் ஃபைஸியுடன் ஜோடி சேர்ந்து வென்றவர் நம் ராமசாமி. அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் இந்தியா தோற்றது. அப்போது அவருக்கு 26 வயது.

இதிலே ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் காலத்து டென்னிஸில் டேவிஸ் கோப்பை, விம்பிள்டன் எல்லாமே சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களுக்கு மட்டும்தான். காசுக்கு ஆடுபவர்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1968-இல்தான் விம்பிள்டன் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கையில் காசு இருப்பவர் மட்டுமே டென்னிஸ் ஆட முடிந்த காலம் அது. ராமசாமியால் முடிந்தது. எங்க அப்பாவின் தாத்தா அந்தக் காலத்தில் யாருடைய நிலத்தில் ஏர் ஓட்டினார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. உண்மையை மறைத்து ஒருவரைப் புகழக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாற்பது வயதில் திறந்த கதவு

டென்னிஸில் நாட்டுக்கு ஆடியாகிவிட்டது. கிரிக்கெட்டில்? இந்தியாவுக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்தே இல்லை. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது 1932 ஜூன் 25 அன்று. அப்போதே ராமசாமிக்கு 36 வயது ஆகிவிட்டது. பலர் மட்டையை மூலையில் சாத்திவிட்டு ஈஸிசேரில் சாயும் வயது. அவர் சாயவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்.

1936-இல் விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. விஸ்ஸி என்று அழைக்கப்பட்ட அந்தத் தலைவருக்கு ஆட்டத்தைவிடச் செல்வாக்கு அதிகம் என்று வரலாறு சொல்கிறது. அணிக்குள் கோஷ்டிச் சண்டை. நல்ல ஆட்டத்தில் இருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அணியில் நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ராமசாமியும் ஒருவர். லங்காஷைர் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் அவருடைய அதிகபட்சம் அதுதான்.

லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டில் இந்தியா தோற்றது. இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டரில், ஜூலை 25-ஆம் தேதி தொடங்கியது. அன்றுதான் ராமசாமி டெஸ்ட் வீரர் ஆனார். வயது 40 ஆண்டு 39 நாள்! இந்தியாவுக்காக அவரைவிட அதிக வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ஒரே ஒருவர்தான். அவர் 1933-இல் ஆடிய ரஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி.

புச்சிபாபு இறந்தது 40 வயதில். அவர் மகன் டெஸ்ட் மைதானத்தில் இறங்கியதும் 40 வயதில். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மான்செஸ்டரில் இந்தியா முதலில் ஆடி 203 ரன்னில் சுருண்டது. அதில் ராமசாமி 40. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. 368 ரன் பின்தங்கிய நிலை. எல்லோரும் ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். முஷ்டாக் 112, மெர்ச்சண்ட் 114. வெளிநாட்டு மண்ணில் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்டாக் அலியுடையது. அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல் ராமசாமி 60 ரன் எடுத்தார். அஸ்திவாரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் மேலே சுவர் எழுப்ப ஆள் வேண்டும் அல்லவா? அமைப்பியல் படிக்கும் நமக்கு இது தெரியாதா! இந்தியா 5 விக்கெட்டுக்கு 390 எடுத்து ஆட்டத்தை டிரா செய்தது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் நாளில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 588 ரன் எடுத்தன. ஒரே நாளில் டெஸ்ட்டில் எடுக்கப்பட்ட ரன்களில் அது சாதனை.

மூன்றாவது டெஸ்ட் ஓவலில். அதில் ராமசாமி 29 ரன்னும், ஆட்டமிழக்காமல் 41 ரன்னும் எடுத்தார். இந்தியா தோற்றாலும் அவர் தோற்கவில்லை. இரண்டு டெஸ்ட், நான்கு இன்னிங்ஸ், 170 ரன், சராசரி 56.66. நான்கில் ஒரு தடவைகூட 29-க்குக் கீழே போகவில்லை. நாற்பது வயதில்!

ஒரே நாளில் இரண்டு நகரங்கள்

இங்கே நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் போனால் என் மண் என்னை மன்னிக்காது. அதே 1936 அணியில் சென்னையிலிருந்து போன இன்னொருவர் எம்.ஜே. கோபாலன். 1909-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஊர் மொரப்பாக்கம். நம் திண்டிவனத்துக்கு வடக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். நாம் சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கத்து மண்ணைத் தாண்டித்தான் போகிறோம். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் இந்தக் கோபாலன். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து மெட்ராஸ் வென்றது தனிக் கதை.

கோபாலனும் இரு களம் கண்டவரே. வேகப்பந்து வீச்சாளர், அதோடு ஹாக்கி வீரர். 1934-இல் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். 1935-இல் தியான் சந்துடன் நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடினார். 1936-இல் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மற்றது இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

1936 ஆகஸ்ட் 15. அன்று பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். தியான் சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அதே நாளில்தான் லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ராமசாமி அணியில் இருந்தார். கோபாலன் இல்லை. அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்டில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினும் போச்சு, டெஸ்ட்டும் போச்சு.

ஒரே அணி, ஒரே ஊரிலிருந்து போன இருவர். ஒருவருக்கு நாற்பது வயதில் வாய்ப்பு வந்தது. இருபத்தேழு வயதில் இருந்த இன்னொருவருக்கு வரவில்லை. உழைத்தால் பலன் உறுதி என்று மேடையில் பேசுவது சுலபம். ஆனால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உழைப்புக்குப் பலன் எப்போதும் வருவதில்லை என்றுதான் தெரிகிறது. இருந்தாலும் கோபாலன் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. தொடர்ந்து ஆடினார். அவர் பெயரில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை ஆட்டங்கள் பல ஆண்டுகள் நடந்தன. 2003 டிசம்பரில், 94 வயதில், சென்னையில் காலமானார்.

போர் தின்ற பத்தாண்டு

ராமசாமிக்கு மறுபடி டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. காரணம் அவருடைய ஆட்டம் அல்ல. 1939-இல் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. ஓவலுக்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில்தான். அதற்குள் அவருக்கு 50 வயது. அவர் முதல்தர ஆட்டங்களை 1941-42 வரை ஆடினார். 1915-இல் தொடங்கியதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் நூற்றாண்டுக்கு மேல்! ஒரு போரின்போது தொடங்கி இன்னொரு போரின்போது முடிந்த ஆட்ட வாழ்க்கை.

ஆடுவதை நிறுத்தியபின்பும் களத்தை விட்டுப் போகவில்லை. 1953-இல் இந்திய அணி முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அணியின் மேலாளராகப் போனவர் அவரே. விஜய் ஹஜாரே தலைவர். ஐந்து டெஸ்ட்களில் நான்கு டிரா, ஒன்றில் தோல்வி. அன்றைய மேற்கிந்திய அணியின் பலத்துக்கு அது பெருமைப்படத்தக்க கணக்கு. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் ராமசாமி இருந்தார். 1966-இல் தன் நினைவுகளை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். ராம்பிளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட் என்பது அதன் பெயர். தன்னை வீரர் என்றோ சாதனையாளர் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பித்தன் என்றுதான் பெயர் வைத்துக்கொண்டார்.

அவர் நடந்த டென்னிஸ் பாதையில் பின்னால் எத்தனையோ பேர் நடந்தார்கள். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்றது. 1974-இல் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருந்த அணி மறுபடி இறுதிக்கு வந்தது. ஆனால் எதிரணி நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா என்பதால் இந்தியா ஆட மறுத்துவிட்டது. 1987-இல் ரமேஷ் கிருஷ்ணன் காலத்தில் மூன்றாவது தடவை. தமிழ்நாட்டு டென்னிஸ் வீரர்களின் இந்த நீண்ட வரிசையில் முன்னால் நிற்பவர் 1922-இன் ராமசாமி.

வாசலைத் தாண்டியவர்

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. 1985 அக்டோபர் 15. ராமசாமிக்கு வயது 89. சென்னை அடையாறில் வீடு. அன்று வீட்டை விட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கிரிக்கெட் வரலாற்றுப் புத்தகங்களில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் பக்கத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி என்று இருக்கும். இவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று போட்டார்கள். நாட்டுக்காக இரண்டு ஆட்டம் ஆடியவருக்கு ஒரு சமாதி இல்லை, நினைவு நாள் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதும்போது எங்க ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயாவுக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, டென்னிஸும் தெரியாது. 588 ரன்னுக்கும் அசரவில்லை, கேம்பிரிட்ஜுக்கும் அசரவில்லை. கடைசியில் இந்த இடம் வந்ததும் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டாங்க. கோயில் குளமெல்லாம் தேடினார்களா, ஆஸ்பத்திரியில் பார்த்தார்களா, அந்தப் பெரியவர் சாப்பிட்டுவிட்டாவது போனாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அவருடைய சராசரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆயா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

முடிவுரை

ராமசாமி வாழ்க்கையிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? அவருக்கு லஸ் தோட்டம் இருந்தது, நமக்கு ஏரி இருக்கிறது. அவருக்குக் கேம்பிரிட்ஜ், நமக்குப் பாலிடெக்னிக். அவரைப் போல் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது வயதில் வாய்ப்பு வரும்வரை காத்திருக்க நம் வீட்டு அடுப்பு காத்திருக்காது. நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். படிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றுக்கொன்று எதிரியாக அவர் வைக்கவில்லை. அந்தத் தப்பைச் செய்தவன் நான். அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டே ஆடினார். நான் பரீட்சைக்கு முந்தின நாள் ஆடினேன். அரியரைச் சென்ற செமஸ்டரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன் என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. சர்வே பிராக்டிகலில் கற்ற பாடத்தை வைத்து, நானும் என் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் நம் கல்லூரிப் பின்பக்கக் காலி இடத்தில் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தை அளந்து குறித்திருக்கிறோம். 78 அடிக்கு 36 அடி. மூலைக்கு மூலை மூன்று-நான்கு-ஐந்து முறையில் செங்கோணம் பார்த்து, குறுக்கு நீளம் இரண்டும் சமமாக வருகிறதா என்று சரிபார்த்து, சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கிறோம். முள்செடியை வெட்டியாகிவிட்டது. வலையும் இரண்டு ராக்கெட்டும்தான் இல்லை. மாணவர் பேரவை மனது வைத்தால் அடுத்த ஆண்டு நம் ஜூனியர்கள் டென்னிஸ் பந்தை டென்னிஸுக்கே பயன்படுத்திப் பார்ப்பார்கள். மழை வந்தால் கோடு அழிந்துவிடும் என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தேன். என் மட்டை பரணிலிருந்து இறங்கி, திண்ணையில் சாத்தி வைத்திருந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

இரு களம் கண்ட வீரர் ராமசாமியின் பெயர் நம் ஊரிலும் நிலைத்திருக்கட்டும். வாழ்க விளையாட்டு! வளர்க நம் கல்லூரி!